சாந்தகுமாரியின் பங்கு

“இன்னைக்கு ரெண்டாம் பூசை முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்குள்ள, நம்ம பங்குச் சாமியார் என் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னு கணக்கு ஒப்பிப்பார். பார்த்துக்கிட்டே இருங்க” என்று சொல்லிவிட்டுச் சாந்தகுமாரி இட்லிக் கொப்பரையை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

ரெமிஜியஸுக்குக் குடித்த காப்பி மூக்கு வழியாக வந்தது.

முப்பத்தொரு வருஷத்தில் மனைவி சொல்லி அவர் நம்பாத விஷயங்களை வரிசையில் நிறுத்தினால், பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவை மூன்று சுற்றுச் சுற்றி வால் டேனரி ரோட்டைத் தொடும். ஆனால் இன்றைய பேச்சுக்குப் பக்கத்தில் நிற்க அவற்றில் ஒன்றுக்கும் யோக்கியதை கிடையாது. ஃபாதர் சிரில் ஆறடி இரண்டு அங்குலம். பிரசங்கத்தில் அவர் குரலை உயர்த்தினால் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் ஐந்து நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போகும். அவராவது, கையைக் கட்டுவதாவது.

“கையைக் கட்டுவாரா? ஏன், முட்டி போட மாட்டாராமா?”

“முட்டி போடறதைப் பத்திப் புத்தகத்துல எழுதல” என்றாள் சாந்தகுமாரி.

எந்தப் புத்தகம் என்று கேட்பவர்கள் போன ஒன்றரை மாசமாக ஊரில் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்காக நாலு வரி.

கொத்தமல்லி வாங்க சிவாஜிநகருக்குப் போன சாந்தகுமாரி, நடைபாதைக் கடையில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு பழைய புத்தகம் வாங்கி வந்தாள். அட்டை கிடையாது. முதல் இருபத்தாறு பக்கம் கிடையாது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ‘உங்கள் ரூபாய்க்கு ஒரு விலாசம்’ என்று அச்சடித்திருந்தது. நாற்பது நாளில் ஆறு அத்தியாயங்களைக் கரைத்துக் குடித்துவிட்டாள். வீட்டில் இப்போது பணம் சும்மா இருப்பதில்லை. பால், வாடகை, கேஸ், திடீர்ச் செலவு என்று பெயர் எழுதிய கவர்களில் குடியிருக்கிறது. கணவர் ‘சும்மா ஒரு டீ’ என்று வெளியே குடித்ததை முப்பது நாள் குறித்து வைத்து, வருஷத்துக்குப் பெருக்கிப் பார்த்தாள். அல்சூர் ஏரி இரண்டு தடவை நிரம்பி, மூன்றாவது தடவைக்குப் பாதி வந்தது.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லாத விஷயம் பீரோவில் இருந்தது.

ரெமிஜியஸ் ஃபேக்டரியில் விருப்ப ஓய்வு வாங்கி வந்த மூன்று லட்சம். இந்த ஜன்மத்தில் அந்தக் குடும்பம் மொத்தமாகப் பார்த்த, இனிப் பார்க்கப் போகிற ஒரே பணம். அதை மாதம் மூன்று பர்சென்ட் வட்டிக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போடச் சொல்கிறார் அவருடைய அண்ணன் ஓஸ்வால்ட். ரெசிடென்சி ரோடு பக்கம் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருப்பதால், ஊரில் அதற்கு ‘மூணாவது மாடி’ என்றே பெயர். செக் எழுதியாகிவிட்டது. ஜாயின்ட் அக்கவுண்ட். ரெமிஜியஸின் கையெழுத்து விழுந்துவிட்டது. சாந்தகுமாரியின் கையெழுத்துக்கான இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

“ஞாயித்துக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணிக்கு வாங்க மாமா, சொல்றேன்” என்று போன வாரம் அவள் சொன்ன ஞாயிற்றுக்கிழமை இதுதான்.

“அண்ணன் நமக்குக் கெட்டதா செய்வார்?” என்று ரெமிஜியஸ் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருநூறாவது தடவையாகக் கேட்டார். “என்னை ஐ.டி.ஐ. படிக்க வைக்கணும்னு பதினஞ்சு வயசுல பிரஸ்ல மை பூச நின்னவர் சாந்தா அவர்.”

“நான் மாமாவைக் குறை சொன்னேனா? ஊர்ப் பணத்தை அவர் எப்படி வெச்சிருக்கார்னு பார்த்துட்டு, நம்ம பணத்தைக் குடுக்கலாம்னுதான் சொல்றேன்.”

அடைக்கல மாதா பங்கின் பொருளாளர் ஓஸ்வால்ட். பன்னிரண்டு வருஷமாக அவர்தான். பங்கின் ஆண்டுப் பொதுக்கூட்டம் இன்றுதான். சாந்தகுமாரியின் புத்தகமோ ஏழாவது அத்தியாயத்தில் இப்படிச் சொன்னது:

‘நல்ல பங்கைத் தேர்ந்தெடுங்கள். பங்கு உங்களுடையது என்றால் கேள்வி கேட்கும் உரிமையும் உங்களுடையது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று இந்தப் பத்துக் கேள்விகளைக் கேளுங்கள். நிர்வாகத்தினர் கைகட்டிப் பதில் சொல்லியாக வேண்டும்.’

இதைப் படிக்கும் உங்களுக்கு ஒரு சிரிப்பு வந்திருக்கும். அவளுக்கு வரவில்லை. பெங்களூரில் யார் வாயிலும் ஷேர் என்றால் ஷேர்தான். ஷேர் மார்க்கெட், ஷேர் புரோக்கர், ஷேரில் போட்டுப் போண்டியானவன். தங்கவயலில் ஞானோபதேச வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்து, அதன்பின் ஜெபப் புத்தகமும் கோவில் அறிக்கையும் தவிர வேறு தமிழ் படிக்காத சாந்தகுமாரிக்குப் பங்கு என்றால் ஒன்றே ஒன்றுதான். கோவில், மணி, சாமியார், மாதச் சந்தா ரசீது. அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் சொன்ன பக்கங்கள், காணாமல் போன இருபத்தாறில் போய்விட்டன.

பண விஷயப் புத்தகத்தில் கோவில் எதற்கு என்று அவள் சந்தேகப்படவே இல்லை. முப்பது வருஷமாகச் சந்தா கட்டுகிறவளுக்கு அது நியாயமாகவே பட்டது. ‘எல்லாப் பணத்தையும் ஒரே பங்கில் போடாதீர்கள்’ என்ற வரி மட்டும் கொஞ்சம் துரோகமாகத் தெரிந்தது. இருந்தாலும் புத்தகம் சொன்னால் சொன்னதுதான் என்று, பக்கத்துப் பங்கின் உண்டியலில் ஒரு ஐந்து ரூபாயைப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

கூட்டம் கோவிலுக்குப் பின்னால் இருந்த ஹாலில். ஹால் என்பது மரியாதைக்குச் சொல்வது. அதன் கூரையில் இருந்த ஓட்டைகளை எண்ண ஆரம்பித்த ஒரு கணக்கு வாத்தியார் பாதியில் வேலையை ராஜினாமா செய்துவிட்டதாகக் கேள்வி. அந்தக் கூரையை மாற்றத்தான் நாலு வருஷமாக வசூல். மாதர் சங்கம் கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் பொரித்து விற்றது. இளைஞர்கள் டிக்கெட் விற்று ஹவுசி என்ற நம்பர் ஆட்டம் நடத்தினார்கள். சாந்தகுமாரி மட்டும் பொரித்த கல்கலை ரோட்டில் பரப்பினால் ஓசூர் வரை போகும்.

முன் மேஜையில் ஃபாதர் சிரில். அவருக்கு வலது பக்கம் சந்தன நிறக் கோட்டில் ஓஸ்வால்ட். கடைசி வரிசையில் கதவை ஒட்டி ரெமிஜியஸ், எப்போது வேண்டுமானாலும் ஓடிவிட வசதியாக. பக்கத்தில் மகன் யூஜின். இங்கிலீஷ் மீடியத்தில் படித்து ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பவன். தமிழ் பேசுவான், திட்டுவான், படிக்க மட்டும் வராது.

அறிக்கை வாசித்து முடித்ததும் ஃபாதர், “யாருக்காவது ஏதாவது கேள்வி இருக்கா? பிதா சுதன்...” என்று நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார். அவர் வந்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்கும் இறுதி ஜெபத்துக்கும் நடுவில் ஒரு கொசு நுழைய இடம் இருந்ததில்லை.

“இருக்கு ஃபாதர்.”

ஃபாதரின் கை நெற்றியிலேயே நின்றது. இருநூறு தலைகள் திரும்பிய சத்தம் ஒரு காற்றாக அடித்தது. சாந்தகுமாரி எழுந்து நின்று, அட்டையில்லாத புத்தகத்தை விரித்தாள்.

“முதல் கேள்வி. பங்கோட தலைவர் யாரு? அவருக்கு இந்த வேலையில முன் அனுபவம் உண்டா?”

ஃபாதர் சிரில் இடமும் வலமும் பார்த்தார். “நான்தாம்மா. குருப்பட்டம் வாங்கிப் பதினெட்டு வருஷம் ஆகுது.”

“சந்தோஷம். ரெண்டாவது. போன வருஷத்துக்கு இந்த வருஷம் பங்கு ஏறியிருக்கா, இறங்கியிருக்கா?”

“ஞானஸ்நானம் நாப்பத்திரெண்டு. அடக்கம் இருபத்தொம்பது. ஏறித்தான் இருக்கு.”

ஹாலில் கைதட்டல் எழுந்தது. ஃபாதருக்கும் கொஞ்சம் பிடித்துப் போய்விட்டது. மேஜையைச் சுற்றி முன்னால் வந்து நின்றார்.

“மூணாவது. போட்டிப் பங்குகள் எவை? அவற்றைவிட இது எதில் மேல்?”

“கொயர்லே” என்று பாட்டுக் குழுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

“நாலாவது. இந்தப் பங்கை விக்கணும்னு நினைச்சா, உடனே வாங்க ஆள் கிடைக்குமா?”

ஹால் மூச்சை இழுத்தது. மாதர் சங்கத் தலைவி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த அமைதியில் யூஜினின் மூளையில் ஒரு பல்பு எரிந்தது. அவன் இரண்டே எட்டில் அம்மாவிடம் வந்து, காதில் சொல்ல நினைத்ததை ஊருக்கே சொன்னான்.

“மம்மி, இது சர்ச் இல்ல மம்மி. ஷேர். பங்குன்னா ஷேர். இது ஷேர் மார்க்கெட் புக்கு.”

பிறகு வந்த சிரிப்பைப் பற்றி என்ன சொல்ல. இருக்கிற ஓட்டைகள் போதாதென்று கூரையில் புதிதாகப் பதினோரு ஓட்டை விழுந்தது. ஃபிரேஸர் டவுனில் பேக்கரி வாசலில் நின்றவர்கள் என்ன வெடித்தது என்று வானத்தைப் பார்த்தார்கள். சமோசா தட்டோடு வந்த பெண் தட்டைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். எல்லாருக்கும் மேலாகச் சிரித்தவர் ஓஸ்வால்ட். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, உக்காரு சாந்தா. இதெல்லாம் நமக்கெதுக்கு? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க ஃபாதர், ஜெபத்தைச் சொல்லிடுங்க” என்றார்.

ரெமிஜியஸ் கதவுக்கு வெளியே ஒரு காலை வைத்துவிட்டார்.

சாந்தகுமாரிக்குக் காது மடல் இரண்டும் எரிந்தன. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் புத்தகத்துக்குள் வைத்தாள். எழுத்துகள் நீந்தின. ஐந்து, ஆறு, ஏழு என்று கண் இறங்கியது. எட்டில் வந்து நின்றது. அவள் அதை ஒரு தடவை படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“சரி, ஷேருதான். எனக்குத் தெரியல, சிரிச்சாச்சு. எட்டாவது கேள்வியை மட்டும் படிச்சிட்டு உக்கார்றேன்.”

“சாந்தா...” என்றார் ஓஸ்வால்ட்.

“‘கையிருப்பு எங்கே இருக்கிறது? வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். பாஸ்புக்கைக் காட்டச் சொல்லுங்கள்.’ ஷேருக்குக் கேட்டாலும் இது கேள்விதானே ஃபாதர்? சர்ச்சுக்குக் கேட்டாலும் கேள்விதானே? கூரைப் பணம் ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம்னு இப்போ வாசிச்சீங்க. பாஸ்புக்கைக் காட்டுங்க.”

இன்னும் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் எல்லாருக்கும் முன்னால் நிறுத்தியவர் ஓஸ்வால்ட் என்பதைச் சாந்தகுமாரி பார்த்துவிட்டாள்.

“பாஸ்புக் வீட்ல இருக்கு” என்றார் அவர்.

“வீடு ரெண்டு தெரு தள்ளித்தானே மாமா. போயிட்டு வாங்க. சமோசா இருக்கு, நாங்க இருக்கோம்.”

ஓஸ்வால்ட் எழுந்திருக்கவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். முதலில் பெண்கள் பக்கம் அடங்கியது. பிறகு ஆண்கள் பக்கம். ஓட்டை வழியாக விழுந்த ஏப்ரல் வெயிலில் தூசி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“ஓஸ்வால்ட், அந்தப் பணம் பேங்க்ல இல்லையா?” என்று ஃபாதர் மெல்லக் கேட்டார்.

ஃபாதர் சிரில் பொருளாளரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் சாந்தகுமாரியைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் பொய் சொல்ல நினைக்கும்போது அவர்கள் காது சிவந்துவிடும். அவர் காது சிவக்க ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டது.

“அந்தச் செக்குல நானும் கையெழுத்துப் போட்டேன்” என்றார். ரயிலை நிறுத்தும் குரல் எங்கோ போயிருந்தது. “மாசம் மூணு பர்சென்ட், கூரையோட மேல ஒரு மாடியும் கட்டலாம்னு ஓஸ்வால்ட் சொன்னார். எனக்கும் ஆசை வந்துச்சு. பங்குப் பேரவையைக் கேக்கல. உங்களைக் கேக்கல. பணம் மூணாவது மாடியில இருக்கு. எட்டு மாசம் வட்டி வந்துச்சு. அப்புறம் என்ன ஆச்சுன்னு நான் விசாரிக்கல. விசாரிச்சிருக்கணும்.”

எந்த நிமிஷத்தில் என்று தெரியாது. பேசிக்கொண்டே அவர் வகுப்பில் தப்புச் செய்த பையன் மாதிரி நின்றுவிட்டிருந்தார். வரவு எவ்வளவு, எந்தத் தேதியில் செக், யார் யார் கையெழுத்து எல்லாவற்றையும் அப்படி நின்றபடியே ஒப்பித்தார்.

சாந்தகுமாரி கேட்டு முடித்துத்தான் உட்கார்ந்தாள்.

ஐந்து மணிக்கு ஓஸ்வால்ட் வந்தார். ஸ்கூட்டரில் வரவில்லை, நடந்து வந்தார். கோட்டும் இல்லை. சாந்தகுமாரி எப்போதும்போல நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். காப்பி கொடுத்தாள். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு குடிக்காமல் வைத்திருந்தார்.

“மூணு மாசமா வட்டி வரலடா ரெமி” என்றார், தரையைப் பார்த்து. “போய்க் கேட்டேன். புதுசா மூணு லட்சம் டெபாசிட் கொண்டு வாங்க, பழசை ரிலீஸ் பண்றோம்னான். உன் பணத்தைக் குடுத்து, பங்குப் பணத்தை எடுத்து, பேங்க்ல போட்டுடலாம்னு நினைச்சேன். உன்னுதை அப்புறம் எடுத்துடலாம்னு.”

“எப்படி எடுப்பீங்க மாமா?”

“இன்னொருத்தர் யாராவது டெபாசிட்...” என்று ஆரம்பித்தவர், தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவர் போல நிறுத்தினார்.

ரெமிஜியஸ் எழுந்தார். பீரோவைத் திறந்தார். செக்கை எடுத்து வந்து, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் வைத்தார். “நான் போட்டுட்டேன் அண்ணே, கையெழுத்து. நீங்க கேட்டா நான் எதுலயும் போட்டுடுவேன். உங்களுக்கே தெரியும்.” அதை மனைவியின் பக்கம் நகர்த்தினார். “அதான் இவ போடல.”

சாந்தகுமாரி செக்கை நாலாக மடித்து, மடித்த இடத்தில் நாலாகக் கிழித்தாள். அவசரப்படவில்லை.

“என் மேல கோவமா மாமா?”

“கோவம் இல்லம்மா. வெக்கம்.” ஓஸ்வால்ட் ஆறிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு, அறுபத்து மூன்று வயதில் யாரிடமும் உதவி கேட்டுப் பழக்கமில்லாத மனிதர், தொண்டையைச் செருமினார். “நாளைக்குப் பத்து மணிக்கு மூணாவது மாடி திறக்கும். ஃபாதரும் வர்றேன்னார். நீயும் வர்றியா? அந்தப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு.”

யூஜின் வாசலிலிருந்து, “பெரியப்பா, அங்கே கேட்டா இது கரெக்டான புக்கு” என்றான்.

“வர்றேன் மாமா. ஆனா ஒண்ணு. அங்கே நீங்களும் பேசக்கூடாது, ஃபாதரும் பேசக்கூடாது.”

“பேசல.”

“நாளைக்கு அந்தக் கதவு திறக்கலைன்னா?” என்று ரெமிஜியஸ் கேட்டார். ஓஸ்வால்ட் தலையாட்டிவிட்டு, படியிறங்கிப் போய்விட்டார். கோட்டில்லாத அவர் முதுகு இத்தனை சின்னதா என்று சாந்தகுமாரிக்கு இருந்தது. தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்து, டம்ளரைக் கழுவப் போட்டுவிட்டு, ஏழாவது அத்தியாயத்தைத் திரும்ப முதலிலிருந்து பிரித்தாள். இந்தத் தடவை பங்கு வருகிற இடத்திலெல்லாம் பென்சிலால் ஷேர் என்று எழுதிக்கொண்டே வந்தாள். ரெமிஜியஸ் எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அவருக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு தடவை கனைத்தார்.

“இன்னா?” என்றாள் அவள், நிமிராமல்.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கு எத்தனை கனைப்பு.”

“ஃபாதர் அப்படி நின்னது... கையை எங்கே வெக்கிறதுன்னு தெரியாம நின்னதா இருக்கலாம்.”

பென்சில் நின்றது. சாந்தகுமாரி நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். ஒரு முழு நிமிஷம் பார்த்தாள்.

“சரி சரி. கட்டினார்” என்றார் ரெமிஜியஸ். “இடது கை மேல வலது கை. பூசை முடிஞ்சு அம்பத்தெட்டாவது நிமிஷம். நான் வாட்ச்சைப் பார்த்தேன்.”